வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க எந்த நாடு, எந்த ஊர்? மலையக ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ஆங்கிலம் கற்பிக்கும் இளைஞர்கள் வெளிநாடு என்றதும் முதலில் கேட்பது, "எங்கே சம்பளம் கூட?" என்றுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஆங்கில ஆசிரியர் என்ற பெயரிலேயே வேலை விசா தரும் நாடு எது என்பது முதல் கேள்வி. கையில் இருக்கும் தகைமை அந்த விசாவுக்குக் காணுமா என்பது அடுத்தது. இந்த இரண்டையும் தாண்டி நிற்கும் நாடுகள் சிலதான். சம்பளம், வீடு, வெயில், கோயில் எல்லாவற்றையும் அந்தச் சில நாடுகளுக்குள் வைத்துப் பார்த்தால் போதும். மறுபக்கமாகத் தொடங்குபவர்கள்தான் நகையை அடகு வைத்த காசை முகவரிடம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

நம் கடவுச்சீட்டுக்குத் திறக்கும் கதவுகள்

தென் கொரியாவைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். அங்கே ஆங்கிலம் கற்பிக்கத் தரும் இ-2 விசா அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய 7 நாட்டவருக்கு உரியது. இந்தியர்களுக்கு வர்த்தக ஒப்பந்தத்தின் வழியாக ஒரு சிறு வாசல் உண்டு. நமக்கு அதுவும் இல்லை. நம் ஊரிலிருந்து கொரியா போகிறவர்கள் போவது தொழிற்சாலை வேலைக்கான வேறு விசாவில்.

சீனாவிலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஆங்கிலம் தாய்மொழியான நாட்டவர், பட்டம், 2 வருட அனுபவம் என்பது அங்கே பொது விதி. கணிதத்தையோ விஞ்ஞானத்தையோ ஆங்கிலத்தில் கற்பிப்பவர்களைச் சில பாடசாலைகள் வேறு வகையில் எடுக்கின்றன. ஆங்கிலப் பாட ஆசிரியருக்கு அந்த வழி அரிது. "பிஸ்னஸ் விசாவில் வாங்க, பிறகு மாத்தித் தாறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். பிடிபட்டால் தடுத்து வைக்கப்படுவதும் நாடுகடத்தப்படுவதும் ஆசிரியர்தான், முகவர் அல்ல.

ஜப்பானுக்குப் பட்டம் கட்டாயம். பாடசாலைகளில் கற்பிக்கும் விசாவுக்கு இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் 12 வருடங்களாவது ஆங்கில மொழி மூலம் கல்வி கற்றிருக்க வேண்டும். உயர் தரத்தையும் பட்டத்தையும் மட்டும் ஆங்கிலத்தில் முடித்தவருக்கு அந்த 12 வராது. தோட்டப் பாடசாலையில் தமிழ் மொழி மூலம் படித்து வந்தவர்களில் பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் தடைப்படுவார்கள். தனியார் மொழிப் பள்ளிகள் வேறு வகை விசாவில் ஆள் எடுக்கின்றன என்றாலும், ஏற்கனவே ஜப்பானில் இருப்பவர்களுக்கே அவை முதலிடம் கொடுப்பது வழக்கம்.

தாய்லாந்து நமக்குத் திறந்திருக்கிறது. பட்டம் வேண்டும், நொன்-இமிகிரன்ட் பி விசா வேண்டும், அதன் மேல் வேலை அனுமதிப் பத்திரம் வேண்டும். முறையான பாடசாலை என்றால் அந்நாட்டு ஆசிரியர் சபையான குருசபாவின் உரிமமோ தற்காலிக அனுமதியோ எடுக்க வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவரிடம் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையில் ஐ.ஈ.எல்.டி.எஸ். 5.5 அல்லது டொயிக் 600 அளவில் ஒரு பெறுபேறு கேட்கிறார்கள். ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: ஒரே பாடசாலையில் ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், பிலிப்பைன்ஸ்காரருக்கும் நமக்கும் இன்னொரு சம்பளம். அது அநியாயம்தான். ஆனால் உங்கள் வரவுசெலவுக் கணக்கை அந்த இரண்டாவது சம்பளத்தை வைத்துத்தான் போட வேண்டும்.

வியட்நாமில் வேலை அனுமதிக்குப் பட்டத்துடன் ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, மருத்துவ அறிக்கை எல்லாம் கேட்பார்கள். அவை தூதரக அளவில் உறுதிப்படுத்தப்பட்டு வியட்நாமிய மொழியில் மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். கம்போடியா உள்ளே போவதற்கு இலகுவான நாடு. பட்டம் இல்லாதவரையும் எடுக்கும் பள்ளிகள் உண்டு. ஆனால் மணித்தியாலக் கணக்கில் சம்பளம் தரும் பள்ளிகளில் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறை போன்ற நாட்களுக்குக் காசு வராது. வேலை அனுமதி விசாவிலிருந்து வேறானது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மாலைதீவு நமக்கு மிகக் கிட்டிய நாடு. கொழும்பிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் பறந்தால் மாலே. பாடங்கள் ஆங்கில மொழி மூலம் நடப்பதால் இலங்கை, இந்திய ஆசிரியர்கள் பல வருடங்களாக அங்கே வேலை செய்கிறார்கள். நம்முடைய உச்சரிப்பு அங்கே யாருக்கும் புதிதல்ல. அந்நாட்டுத் திவெஹி மொழி சிங்களத்துக்கு உறவானது. சிங்களம் பேசத் தெரிந்த மலையக ஆசிரியருக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

வளைகுடாவில் பாடசாலைகள் பாடத்திட்ட வாரியாகப் பிரிந்திருக்கின்றன: பிரித்தானியப் பாடத்திட்டம், இந்தியப் பாடத்திட்டம், நம் நாட்டவருக்கான பாடசாலைகள். தோஹாவில் ஸ்டஃபோர்ட் இலங்கைப் பாடசாலை, ரியாத்தில் இலங்கை சர்வதேசப் பாடசாலை, மஸ்கட்டில் இலங்கைப் பாடசாலை ஆகியன மூன்றாவது வகை. நம் பட்டத்துக்கும் கல்வி டிப்ளோமாவுக்கும் அங்கே விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. இந்தியப் பாடத்திட்டப் பாடசாலைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் கேரளப் பிள்ளைகளும் நிறைய இருப்பதால், ஆரம்ப வகுப்புகளுக்குத் தமிழ் தெரிந்தவரை விரும்பி எடுப்பார்கள். பிரித்தானியப் பாடத்திட்டத்தில் சம்பளம் கூட, போட்டியும் கூட. பட்டத்துடன் கல்வியியல் தகைமையும் கேட்பார்கள். டுபாயில் ஆசிரியர் நியமனத்தைக் கே.எச்.டி.ஏ. என்ற கல்வி அதிகாரசபை அனுமதிக்க வேண்டும், அபுதாபியில் அடெக்.

டிப்ளோமா பட்டம் ஆகாது

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியின் டிப்ளோமா, கொட்டகலை ஆசிரியர் கலாசாலையின் பயிற்சிச் சான்றிதழ், உயர் தேசிய ஆங்கில டிப்ளோமா ஆகிய மூன்றும் இங்கே நியமனம் பெற உதவும், வகுப்பறையிலும் உதவும். விசா வழங்கும் அதிகாரியிடம் உதவாது. அவர் படிவத்தில் இருப்பது "இளமாணிப் பட்டம் உண்டா, இல்லையா" என்ற ஒரே கட்டம்தான். டிப்ளோமாவைப் பட்டத்துக்குச் சமமானது என்று எழுதித் தருவதாகச் சொல்லும் முகவரின் கடிதம் தூதரகத்தில் செல்லாது.

ஆகவே பட்டம் இல்லாதவர் விண்ணப்பம் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பட்டத்தைத் தொடங்குவதே இலாபம். வேலை செய்துகொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஆங்கில மொழி கற்பித்தலும் சேர்ந்த கலைமாணிப் பட்டம் இருக்கிறது. கண்டியில் அதன் பிராந்திய நிலையமும், அட்டனில் கற்கை நிலையமும் உண்டு. பட்டத்தின் பெயரிலேயே கற்பித்தல் என்ற சொல் இருப்பது பின்னர் பல படிவங்களில் கை கொடுக்கும்.

பட்டத்தின் மேல் ஒரு கற்பித்தல் சான்றிதழ் வேண்டும். கேம்பிரிட்ஜின் செல்டா 120 மணித்தியாலப் பயிற்சி. அதில் 6 மணித்தியாலம் உண்மையான மாணவர்களுக்கு முன் கற்பித்துக் காட்ட வேண்டும். லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் சான்றிதழும் அதே தரம்தான். "120 மணித்தியாலம்" என்று எழுதி இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் டெஃபல் (ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பித்தல்) சான்றிதழ்களில் கற்பித்துக் காட்டும் பகுதி பெரும்பாலும் இருக்காது. சில நாடுகளில் அனுமதிப் பத்திரத்துக்கு அது போதும், நல்ல பள்ளியின் நேர்முகத்துக்குப் போதாது. 5 வருட வகுப்பறை அனுபவம் உள்ளவர் மலிவானதோடு தொடங்கலாம். அனுபவம் இல்லாதவர் செல்டாவுக்குச் சேமிப்பது நல்லது.

ஐ.ஈ.எல்.டி.எஸ். பெறுபேறு 2 வருடங்களுக்குத்தான் செல்லுபடியாகும். பட்டப் பரீட்சை முடியுமுன் எடுத்து வீணாக்காதீர்கள். விண்ணப்பிக்க 3, 4 மாதம் இருக்கும்போது எழுதுங்கள். 5.5 என்பது கதவுக்குள் விடும் அளவு மட்டுமே. பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களோடு போட்டி போட 7 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

நேர்முகத்தில் இலக்கணத்தைவிட உச்சரிப்புத்தான் நம்மை விழுத்தும். 'ஃபேன்' என்பது 'பேன்' ஆவது, 'ஜூ' என்பது 'சூ' ஆவது, 'வெஸ்ட்' என்ற ஒரே ஒலியில் மேற்கும் உள்ளாடையும் சேர்ந்து வருவது: இவை தமிழ் வாயில் பழகிப்போன சிக்கல்கள். ஆங்கிலேயர் மாதிரிப் பேச முயல வேண்டாம், அது இன்னும் மோசமாக ஒலிக்கும். கைபேசியில் தினமும் 10 நிமிடம் பதிவு செய்து இந்த மூன்று, நான்கு ஒலிகளை மட்டும் திருத்துங்கள். மாதிரிப் பாடம் கேட்டால் ஆரம்ப வகுப்புக்கான ஒலிப்பயிற்சிப் பாடத்தையே கேட்பது அதிகம்.

பெயர்ச் சிக்கல்

மலையக விண்ணப்பங்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் இது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து கூட, சாதாரண தரச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், பட்டத்தில் தகப்பன் பெயர் பின்னால். தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் சிங்களத்தில் எழுத, அதை இன்னொருவர் தமிழாக்க, மூன்றாமவர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். 'யோகேஸ்வரி' மூன்று காகிதங்களில் மூன்று விதமாக இருப்பது இங்கே நமக்கு வேடிக்கை. தூதரகத்தில் அது மூன்று வேறு ஆட்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு வெள்ளைத் தாளில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாதாரண தரம், உயர் தரம், பட்டம், சேவைக் கடிதம் ஆகிய ஏழிலும் இருக்கும் பெயரை, பிறந்த திகதியை, பிறந்த இடத்தை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். எது வேறுபடுகிறதோ அதில் சிவப்புக் கோடு போடுங்கள். பிறப்புச் சான்றிதழே பிழை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கு ஆகும். ஆகவே வெளிநாட்டு முயற்சியில் முதல் வேலை இதுவே. பிறப்புச் சான்றிதழ் சரியாக இருந்து மற்றவை வேறுபட்டால், எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்கலாம். ஆனால் சில நாடுகள் அதை ஏற்பதில்லை. கடவுச்சீட்டிலும் பட்டத்திலும் பெயர் ஒரே மாதிரி இருந்தால் பாதிக் கவலை தீரும். புதுக் கடவுச்சீட்டு எடுக்கப் போகிறவர் பட்டத்தில் உள்ள எழுத்துக்கூட்டலைப் பார்த்துக்கொண்டு படிவம் நிரப்புங்கள்.

கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரை அங்கே போட்டால் பாடசாலையில் உங்களை உங்கள் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அது பரவாயில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டால் சில நாடுகளின் கணினி விண்ணப்பத்தை ஏற்காது.

இன்னொன்று: சான்றிதழ்களை லெமினேட் செய்யாதீர்கள். மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும் என்ற பயத்தில் நம் வீடுகளில் முதலில் செய்யும் வேலை இது. லெமினேட் செய்த காகிதத்தில் முத்திரை குத்த முடியாது. உறுதிப்படுத்தும் அலுவலகங்கள் திருப்பி அனுப்பிவிடும். ஏற்கனவே செய்துவிட்டால் உரிக்கப் பார்க்காமல் பரீட்சைத் திணைக்களத்திலோ பல்கலைக்கழகத்திலோ புதுப் பிரதி எடுங்கள். வைப்பதற்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பும், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் போதும்.

உறுதிப்படுத்தல் படிப்படியாக நடக்கும். பரீட்சைச் சான்றிதழ் என்றால் பரீட்சைத் திணைக்களம், பட்டம் என்றால் பல்கலைக்கழகப் பதிவாளர் முதலில் உறுதிப்படுத்த வேண்டும். பிறகு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு. அதற்குக் கண்டியிலும் பிராந்திய அலுவலகம் இருப்பதால் எல்லாவற்றுக்கும் பத்தரமுல்லை வரை போக வேண்டியதில்லை. அதன் பிறகே போகும் நாட்டின் கொழும்புத் தூதரகம். இந்த வரிசை மாறினால் அத்தனையும் மீண்டும் முதலிலிருந்துதான். பொலிஸ் அறிக்கையை இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்குக் காலாவதி உண்டு என்பதால் வேலைக் கடிதம் கைக்கு வந்த பிறகு எடுங்கள்.

சம்பளக் கடிதத்தைப் படிப்பது

கடிதத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையைப் பார்த்து நாட்டைத் தெரிவு செய்யக் கூடாது. மாத முடிவில் கையில் என்ன மிஞ்சும் என்பதே கணக்கு. விளங்குவதற்காக ஓர் உதாரணம், தொகைகள் கற்பனை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு பாடசாலை 4,500 திர்ஹம் சம்பளத்துடன் வீடும் பஸ்ஸும் தருகிறது. இன்னொன்று 6,000 தருகிறது, வேறொன்றும் இல்லை. முதலாவதில் சாப்பாடு 700, கைபேசி 150, சில்லறை 400 போக மிச்சம் 3,250. இரண்டாவதில் அதே செலவுகளோடு பங்கு அறை 1,800, போக்குவரத்து 350, மின்சாரமும் இணையமும் 200 சேர, மிச்சம் 2,400. முதலாவது பாடசாலை கோடை விடுமுறை 2 மாதத்துக்குச் சம்பளம் தராவிட்டாலும், அந்த 2 மாதமும் நீங்கள் ஊரில் இருந்தால், 10 மாதத்தில் 32,500 சேரும். இரண்டாவதில் 12 மாதமும் வேலை செய்தால் 28,800. கடிதத்தில் 1,500 கூடத் தந்த பாடசாலையில் வருட முடிவில் 3,700 குறைவு.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: வருடத்துக்கு எத்தனை மாதச் சம்பளம்? தாய்லாந்தில் மார்ச் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை பாடசாலை இல்லை. 10 மாத ஒப்பந்தங்கள் அங்கே சாதாரணம்.

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை முடிந்து போகும்போது தரும் பணிக்கொடை முதல் 5 வருடத்துக்கு வருடமொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். படிகள் இதில் சேராது. 6,000இல் அடிப்படை 2,500 மட்டும் என்றால் வருடத்துக்கு 1,750 திர்ஹம்தான் வரும். அடிப்படை 4,500 என்றால் 3,150. மொத்தத் தொகை ஒன்றாக இருக்கும் இரண்டு கடிதங்களுக்கு நடுவே இவ்வளவு வித்தியாசம் ஒளிந்திருக்கும்.

குடும்பத்தோடு போக நினைப்பவருக்கு இன்னொரு எல்லை இருக்கிறது. அமீரகத்தில் துணையையும் பிள்ளைகளையும் அழைக்க மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் பாடசாலை தரும் வீடும் வேண்டும். விசா கிடைத்தாலும் பிள்ளையின் பாடசாலைக் கட்டணம் சம்பளத்தை விழுங்கிவிடும். ஆசிரியரின் பிள்ளைக்குக் கட்டணக் கழிவு எத்தனை வீதம் என்பதை வாயால் கேட்டால் போதாது, கடிதத்தில் எழுதுவிக்க வேண்டும்.

மாலைதீவில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சம்பளம் ரூபியாவிலா, டொலரிலா? அதிகாரபூர்வ மாற்று விகிதம் டொலருக்கு 15.42 ரூபியா. ஆனால் வங்கியில் அந்த விலைக்கு வேண்டிய அளவு டொலர் எடுப்பது பல வருடங்களாகவே சிரமம். வெளியில் வாங்கினால் விலை கூட. ரூபியாச் சம்பளத்தை 15.42ஆல் வகுத்துப் பெருமைப்பட்டுவிட்டு, ஊருக்கு அனுப்பும்போது கையைக் கடித்துக்கொள்பவர்கள் அதிகம். மாதம் எவ்வளவு அனுப்ப முடிகிறது என்று அங்கே இப்போது வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

பாடவேளைகள் எத்தனை, சனிக்கிழமை வேலை உண்டா, நன்னடத்தைக் காலம் எவ்வளவு, விசாச் செலவும் விமானச் சீட்டும் யாருடையது, இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும் ஆகியவற்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். அமீரகத்தில் நன்னடத்தைக் காலம் 6 மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

ஊரும் வீடும்

நாடு முடிவானதும் ஊர். இங்கே நம் உடம்பைப் பற்றி நேர்மையாக இருக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் வளர்ந்தவருக்கு வளைகுடாவின் 40 பாகைக்கு மேற்பட்ட வெயில் முதல் வருடம் பெரும் பாடு. வகுப்பறையும் அறையும் குளிரூட்டப்பட்டவைதான். பஸ் தரிப்பில் நிற்கும் 20 நிமிடம்தான் ஆளைச் சாய்க்கும். ஆகவே வளைகுடாவில் பாடசாலைக்குக் கிட்ட வீடு, அல்லது வாசலுக்கு வரும் பாடசாலை பஸ் என்பதைச் சம்பளத்தோடு சேர்த்து எண்ணுங்கள். வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் தங்கி டுபாய்க்குப் போய் வருபவர்கள் மிச்சம் பிடித்த காசை வீதி நெரிசலில் நேரமாகக் கட்டுகிறார்கள்.

குளிர் விட்டுப் பிரிய மனமில்லாதவருக்கு வியட்நாமின் டா லாத் இருக்கிறது. 1,500 மீற்றர் உயரம், மரக்கறித் தோட்டம், பூந்தோட்டம், பைன் மரம், பிரெஞ்சுக்காரர் கட்டிய பங்களாக்கள்; நுவரெலியாவின் தங்கச்சி என்றே சொல்லலாம். ஆனால் சின்ன ஊர், பள்ளிகளும் குறைவு. முதல் வேலையை ஹோ சி மின் நகரிலோ ஹனோயிலோ எடுத்து, ஒரு வருட அனுபவத்தோடு டா லாத்துக்கு மாறுவது நடக்கக்கூடிய வழி. தாய்லாந்தின் சியாங் மாயும் மலை சூழ்ந்த ஊர்தான். ஆனால் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை ஊரை மூடிவிடும். இழுப்பு வியாதி உள்ளவர் அங்கே போகவே வேண்டாம்.

மாலைதீவில் தலைநகர் மாலேயா, வெளித்தீவா என்பதே பெரிய தீர்மானம். மாலேயில் வாடகை பயங்கரம். வீடு தராத வேலையை அங்கே எடுக்காதீர்கள். வெளித்தீவில் வீடு பெரும்பாலும் கிடைக்கும், செலவு குறையும், சேமிப்பு ஏறும். ஆனால் மரக்கறி படகு வந்தால்தான் வரும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவருக்குத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் கஷ்டம். சொந்த ஊர் மரக்கறி விலையைக் குறை சொன்னதெல்லாம் அப்போது நினைவுக்கு வரும். மருத்துவ வசதி தீவுக்குத் தீவு வேறுபடும். நாள்பட்ட வியாதி உள்ளவர் ஆஸ்பத்திரி உள்ள தீவைத்தான் கேட்க வேண்டும்.

சாமி கும்பிடும் விடயத்தைப் பலர் வெட்கப்பட்டுக் கேட்பதில்லை. பிறகு அதற்காகவே வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். மாலைதீவுக்கு வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகச் சுங்கம் விடாது. வெளிப்படையாக வேற்று மத வழிபாடும் கூடாது. சவூதியிலும் கோயில் கிடையாது. டுபாயில் ஜெபல் அலிக் கோயில் 2022இல் திறக்கப்பட்டது, அபுதாபியில் 2024இல் ஒன்று. மஸ்கட்டில் பழைய சிவன் கோயில் உண்டு. பாங்கொக்கின் சீலோம் வீதியிலும் ஹோ சி மின் நகரின் நடுவிலும் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. தீபாவளிக்கு விடுமுறை எங்கேயும் எதிர்பார்க்காதீர்கள். இந்தியப் பாடத்திட்டப் பாடசாலைகளில் கிடைக்கலாம்.

வாடகை வீட்டுக்கு முதல் மாதம் கையில் எவ்வளவு வேண்டும் என்பதும் ஊரைத் தீர்மானிக்கும். டுபாயில் வாடகை வருடக் கணக்கு. ஒன்று முதல் நான்கு வரை பின்திகதியிட்ட காசோலைகள் கேட்பார்கள். அதன் மேல் வைப்புப் பணம், தரகு என்று ஒவ்வொன்றுக்கும் ஆண்டு வாடகையில் 5 வீதம் போகும். புதிதாகப் போகும் ஆசிரியரால் அது முடியாது என்பதால் பங்கு அறைதான். அதில் உங்கள் பெயர் முறைப்படி பதிவாகிறதா என்று பாருங்கள். தாய்லாந்தில் பல இடங்களில் 2 மாத முற்பணமும் முதல் மாத வாடகையும் கேட்கிறார்கள். அங்கே வாடகையைவிட மின்சார அலகு விலையைக் கேளுங்கள். அரச விலைக்கு மேல் வீட்டுக்காரர் வைத்த விலையில் குளிரூட்டி ஓடும்.

பாடசாலை தரும் வீடு என்றால் படம் போதாது. அங்கே இப்போது தங்கியிருக்கும் ஆசிரியரிடம் கைபேசியில் வீடியோ அழைப்பு எடுத்து அறை, குளியலறை, சமையலறை, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். ஓர் அறையில் எத்தனை பேர், சமைக்கலாமா, இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்: பெண் ஆசிரியர்கள் இந்த மூன்றையும் தவறாமல் கேட்க வேண்டும். பேசுவதற்கு ஓர் ஆசிரியரைக்கூடத் தர மறுக்கும் பாடசாலை எதையோ மறைக்கிறது. அதே வெற்றிடத்துக்கு வருடத்தில் மூன்று தடவை விளம்பரம் வந்திருந்தாலும் அப்படித்தான்.

போகுமுன்

முகவர் மூலம் போனால் அவரிடம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா, அந்த வேலைக்கே அனுமதி எடுத்திருக்கிறாரா என்று 1989 என்ற இலக்கத்தில் கேளுங்கள். தானாகத் தேடிப் பெற்ற வேலைக்கும் புறப்படுமுன் பணியகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவோடு காப்புறுதியும் கிடைக்கும். விசா இல்லாமல் ஒரு நாட்டுக்குள் நுழையலாம் என்பதற்கு அங்கே வேலை செய்யலாம் என்று அர்த்தம் இல்லை.

தாய்லாந்து வேலை என்று வரும் ஒரு வகை அழைப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆங்கிலம் தெரிந்தால் போதும், பட்டம் வேண்டாம், டொலரில் சம்பளம், விமானச் சீட்டை நாங்களே எடுத்துத் தருகிறோம் என்பார்கள். இப்படிப் போன இலங்கை இளைஞர்கள் மே சொட் எல்லையைத் தாண்டி மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டு, அரசு தலையிட்டு மீட்க வேண்டி வந்தது. உண்மையான பாடசாலை சான்றிதழ் கேட்கும், நேர்முகம் வைக்கும், மாதிரிப் பாடம் கேட்கும். எதுவுமே கேட்காத வேலை ஆசிரிய வேலை அல்ல.

அரச பாடசாலையில் இருப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் போனால் பதவி வெறிதாக்கல் கடிதம் வரும், ஓய்வூதியமும் போகும். வெளிநாட்டு வேலைக்குச் சம்பளமற்ற விடுமுறை தர 2022இல் அரசாங்க நிர்வாக அமைச்சு 14/2022 சுற்றறிக்கையை வெளியிட்டது. உச்சம் 5 வருடம். அது இன்று எந்த வடிவில் நடைமுறையில் இருக்கிறது, உங்கள் கட்டாய சேவைக் காலம் முடிந்ததா என்ற இரண்டையும் வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் கேட்டு, விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகே விமானச் சீட்டு எடுங்கள்.

விண்ணப்பிக்கும் மாதமும் ஊருக்கு ஊர் வேறு. வளைகுடாவின் இந்தியப் பாடத்திட்டம் ஏப்ரலில் தொடங்குவதால் நவம்பர் முதலே பார்க்க வேண்டும். பிரித்தானியப் பாடத்திட்டமும் வியட்நாமும் செப்டெம்பர்; தாய்லாந்து மே நடுப்பகுதி, இரண்டாம் தவணை நவம்பர்.

போய் இறங்கியதும் கையெழுத்திடத் தரும் ஒப்பந்தத்தை இங்கே கிடைத்த கடிதத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தொகை ஒன்றாக இருந்தாலும் அடிப்படைச் சம்பளம் மாறியிருக்கலாம். தாய்லாந்தில் 90 நாளைக்கு ஒரு தடவை முகவரி அறிவிக்க வேண்டும்; மீள்நுழைவு அனுமதி எடுக்காமல் ஊருக்கு வந்தால் விசா அதோடு இரத்தாகிவிடும். முதல் சம்பளம் வரும்வரை செலவுக்கு, அடகு வட்டியையும் சீட்டுத் தவணையையும் சேர்த்து, 3 மாதத்துக்குக் காணும் பணம் கையில் இருக்கட்டும். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், காப்புறுதி ஆகியவற்றின் பிரதிகள் ஒரு கோப்பில் வீட்டில் அம்மாவிடமோ தம்பியிடமோ இருக்க வேண்டும். பாடசாலையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அந்தக் கோப்பின் மேல் பெரிய எழுத்தில், தமிழில்.